மடிப்பு மின்சைக்கிள்: சக்கரம் கட்டலும் உறுப்பு மாற்றமும்

விடுதிக்கும் வகுப்பிற்கும், வகுப்பிற்கும் ஆய்வுக்கூடத்திற்கும் இடையே நாள்தோறும் பன்முறை சென்றுவர வேண்டிய பெரிய பல்கலைக்கழகங்களில், மடித்து அறைக்குள் வைத்துக்கொள்ளத் தக்க மின்சைக்கிள் மாணவர்க்கு மிகவும் ஏற்ற ஊர்தியாகும். மாடிப்படியில் தூக்கிச் செல்லலாம். கட்டிலுக்கு அருகே நிறுத்தலாம். திருட்டு அச்சமும் குறைவு. ஆயினும் இதனை ஓராண்டு, ஈராண்டு ஓட்டியவர்கள் பலரும் ஒரே குறையைக் கூறக் கேட்கலாம். மோட்டார் பொருத்திய சக்கரத்தில் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்துகொண்டே இருக்கின்றன. ஒன்றை மாற்றினால் அடுத்த மாதம் மற்றொன்று முறிகிறது. "கம்பி மெலிது, தடித்த கம்பி போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்வாரும் உளர். அவ்வாறே செய்தபின், முன்னிலும் விரைவாக முறிவதும் உண்டு. முடிவில், மோட்டாரும் பாட்டரியும் நல்ல நிலையில் இருக்கவே, வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேருகிறது.

இஃது ஏன் நேர்கிறது? சக்கரத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டுவது எவ்வாறு? வேறு எந்த உறுப்புகளை மாற்றினால் பயன் உண்டு? எவற்றைத் தொடாமல் விடுதல் நலம்? இந்நான்கையும் இக்கட்டுரையில் முறையாகக் காண்போம். பொறியியல் பயில்வோர்க்கு மட்டுமே உரிய செய்தியன்று இது. பெருக்கலும் வர்க்கமூலமும் அறிந்த எவரும் தொடர்ந்து வரலாம்.

1. சக்கரம் நிற்பது எவ்வாறு?

மாட்டுவண்டியின் சக்கரத்தைப் பாருங்கள். நடுவே குறடு, அதிலிருந்து கிளம்பும் மர ஆரக்கால்கள், வெளியே வட்டை. வண்டியின் பாரம் அச்சின் வழியே குறட்டில் இறங்கி, அடியில் உள்ள ஆரக்காலை அழுத்துகிறது. ஆரக்கால் தூண்போல நின்று பாரத்தைத் தாங்குகிறது. இதில் புரியாதது ஒன்றுமில்லை.

சைக்கிள் சக்கரம் அத்தகையது அன்று. 2 மி.மீ. தடிப்புள்ள கம்பியைத் தூணாக நிறுத்தி அழுத்தினால் உடனே வளைந்துவிடும். ஆனால், அதே கம்பி இழுப்பைத் தாங்குவதில் வல்லது. ஆகவே எல்லாக் கம்பிகளும் முன்னரே இழுத்து முறுக்கப்பட்டுள்ளன. நாம் ஏறி அமர்ந்ததும் ரிம்மின் அடிப்பாகம் சிறிதே தட்டையாகிறது. அங்குள்ள சில கம்பிகளின் இழுவிசை மட்டும் குறைகிறது. மற்றக் கம்பிகளில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. அடிக்கம்பியில் இழுவிசை சிறிதேனும் எஞ்சியிருக்கும் வரை, அது தூணைப் போலவே பயன்படுகிறது. எஞ்சாது போனால் கம்பி தளர்ந்து தொங்கும்; சக்கரமும் கோணும்.

இழுத்துக் கட்டிய கம்பிகளால் சக்கரம் செய்யலாம் என்ற எண்ணத்தை 1808-இல் ஆங்கிலேய அறிஞர் ஜார்ஜ் கெய்லி குறித்து வைத்தார். 1869-இல் பாரிஸ் நகரத்து யூஜீன் மேயர் அத்தகைய சக்கரத்திற்கு உரிமை பெற்றார். கம்பிகளை நேரே நிறுத்தாமல், ஒன்றையொன்று குறுக்கிடுமாறு சாய்த்துக் கட்டும் முறைக்கு 1874-இல் உரிமை பெற்றவர் கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி. இச்சக்கரத்தின் இயக்கத்தைக் கணக்கிட்டு விளக்கும் நூலை ஜோப்ஸ்ட் பிராண்ட் என்னும் பொறியியலார் 1981-இல் வெளியிட்டார்.

இதனால் நாம் அறிவது என்ன? சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து மீண்டும் இறுகுகிறது. ஒரு கம்பித் துண்டைக் கையால் முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் அது முறிவதை எல்லாரும் கண்டிருக்கிறோம். உலோகம் அவ்வாறு சோர்ந்து முறிவதுதான் சக்கரத்திலும் நிகழ்கிறது. மிகுந்த பாரத்தால் ஒரே இழுப்பில் கம்பி முறிவது அரிது. தளர்வாகக் கட்டப்பட்ட கம்பி, சுற்றுதோறும் முற்றிலும் தொய்ந்து, கொண்டையை அடுத்த வளைவில் அசைந்து அசைந்து, நாளடைவில் முறிகிறது. ஆகவே முறிந்த கம்பியைக் கண்டால், "மிகவும் இறுக்கிவிட்டார்கள்" என்று எண்ணாமல், "போதிய அளவு இறுக்கவில்லை" என்றே முதலில் ஐயுற வேண்டும்.

2. சிறு சக்கரத்திற்கு உள்ள இடர்கள்

மடிப்புச் சைக்கிள்களில் பரவலாகக் காணப்படுவது 20 அங்குலச் சக்கரம்; டயர் அமரும் இடத்தில் அதன் விட்டம் 406 மி.மீ. சற்றுத் தடித்த டயருடன் சுற்றளவு ஏறத்தாழ 1.55 மீட்டர். நம் நாட்டுப் பழைய 28 அங்குலச் சைக்கிளின் சக்கரச் சுற்றளவு ஏறத்தாழ 2.23 மீட்டர். ஒரு கிலோமீட்டர் செல்லப் பெரிய சக்கரம் 450 முறை சுற்றினால், சிறிய சக்கரம் 645 முறை சுற்ற வேண்டும். கம்பிகளின் சோர்வும் அந்த அளவு விரைந்து வரும். இது முதல் இடர்.

இரண்டாவது இடர் மோட்டாரின் பருமன். ஹப் இருக்க வேண்டிய இடத்தில் மோட்டார் அமைந்திருப்பதால், கம்பி கோக்கும் விளிம்புத் தட்டு பெரிதாகிவிட்டது. ரிம் சிறிதாகவே உள்ளது. இடையில் உள்ள கம்பி மிகவும் குட்டையானது. பெரிய சக்கரத்தில் வழக்கமாகச் செய்வதுபோல ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைக் குறுக்கிடுமாறு இங்கும் கட்டினால், கம்பி ரிம்மிற்குள் நேராக நுழையாமல் ஏறத்தாழ 18 பாகை சாய்ந்து நுழையும். சாதாரணப் பெரிய சக்கரத்தில் இச்சாய்வு 4 பாகை அளவே. நிப்பிள் அவ்வளவு தூரம் சாயாது. ஆதலால் நிப்பிள் வாயிலில் கம்பி வளைகிறது. அங்கேதான் மரை இருக்கிறது. மரை உள்ள இடமே கம்பியில் மெலிந்த இடம். ஆகவே அங்கே முறிகிறது. ஒரே ஒரு குறுக்கீட்டுடன் கட்டினால் இச்சாய்வு 9 பாகையாகக் குறைந்துவிடும்.

மூன்றாவது இடர் தடித்த கம்பி. இதுவே பலரும் தவறாக எண்ணுமிடம். 14 கேஜ் கம்பியின் தடிப்பு 2 மி.மீ.; 12 கேஜ் கம்பியின் தடிப்பு 2.6 மி.மீ. இரண்டையும் 139 மி.மீ. நீளத்திற்கு எடுத்து, 100 கிலோகிராம் எடைக்கு நிகராக இழுப்போம். மெல்லிய கம்பி சுமார் 0.22 மி.மீ. நீளும். தடித்தது 0.13 மி.மீ. மட்டுமே நீளும். இப்பொழுது சக்கரம் ஒரு குழியில் இறங்கி, ரிம் 0.15 மி.மீ. உள்வாங்கியது என்று கொள்வோம். மெல்லிய கம்பியில் இன்னும் 0.07 மி.மீ. நீட்சி மீந்திருக்கிறது; அது தொய்வதில்லை. தடித்த கம்பியோ முற்றிலும் தளர்ந்துவிடுகிறது. தளர்ந்த நேரத்தில் நிப்பிள் தானே கழன்று, மேலும் தளர்கிறது. தடித்த கம்பியை இன்னும் மிகுதியாக இறுக்கலாமே எனின், அந்த இழுப்பை ரிம் தாங்காது. துளையைச் சுற்றி வெடிப்பு விடும். எனவே வலுவான கம்பி என்று நாம் நினைத்துப் போட்டது வலுக்குறைந்த சக்கரத்தைத் தருகிறது.

ஆதலின் கொள்ளத் தக்க முடிவு இது: 2 மி.மீ. கம்பி, அல்லது கொண்டைப் பக்கம் 2.3 மி.மீ., மரைப் பக்கம் 2 மி.மீ. உள்ள கம்பி, ஒரே குறுக்கீடு, இரட்டைச் சுவர் உள்ள நல்ல ரிம், போதிய இறுக்கம். விளிம்புத் தட்டின் துளைகள் தடித்த கம்பிக்கென இடப்பட்டிருந்தால், கொண்டையின் அடியில் சிறு பித்தளை வாஷர் ஒன்று இட்டுக் கோத்தால் ஆட்டம் இராது.

3. கம்பியின் நீளம் காணல்

கடையில் போய்ப் "20 அங்குலச் சக்கரத்துக்குக் கம்பி" என்று கேட்டால் மோட்டார்ச் சக்கரத்திற்குப் பொருந்துவது கிடைக்காது. நீளத்தை நாமே கணக்கிட வேண்டும். நான்கு அளவுகள் தேவை.

முதலாவது, சக்கர மையத்திலிருந்து நிப்பிளின் தலை அமரும் இடம் வரையுள்ள ஆரம். இரு பழைய கம்பிகளை நிப்பிளுடன் ரிம்மின் எதிரெதிர்த் துளைகளில் நுழைத்து இழுத்துப் பிடித்து, ஒரு நிப்பிள் தலையிலிருந்து மறு தலை வரை அளந்து பாதியாக்கினால் இது கிடைக்கும். நம் எடுத்துக்காட்டில் 195 மி.மீ. என்க. இரண்டாவது, விளிம்புத் தட்டில் துளைகள் அமைந்த வட்டத்தின் ஆரம்: 62 மி.மீ. மூன்றாவது, அச்சின் நடுக்கோட்டிலிருந்து அத்தட்டு விலகி நிற்கும் தூரம்: 22 மி.மீ. நான்காவது, கோணம். மொத்தம் 36 கம்பி எனில், ஒரு பக்கத்திற்கு 18. 360 பாகையை 18-ஆல் வகுக்க 20 பாகை. ஒரு குறுக்கீட்டிற்கு இதுவே கோணம். இரண்டு குறுக்கீடு எனில் 40 பாகை.

இனிக் கணக்கு. முதல் மூன்று அளவுகளின் வர்க்கங்களைக் கூட்டுக: 38,025, 3,844, 484, கூடுதல் 42,353. முதல் இரு அளவுகளைப் பெருக்கி, அதனை இரட்டித்து, 20 பாகையின் கொசைன் ஆகிய 0.9397-ஆல் பெருக்குக: 22,722. முன்னதிலிருந்து இதனைக் கழிக்க 19,631. இதன் வர்க்கமூலம் 140.1. விளிம்புத் தட்டுத் துளையின் விட்டத்தில் பாதியாகிய 1.3-ஐக் கழித்தால் 138.8. ஆக, 139 மி.மீ. நீளமுள்ள கம்பி வேண்டும். இரு பக்கத் தட்டுகளும் நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் இராவிடின், ஒவ்வொரு பக்கத்திற்கும் தனித்தனியே கணக்கிடுக.

இவ்வளவு குட்டையான கம்பி எளிதில் கிடைக்காவிடின், நீண்ட கம்பியை வெட்டி மரை உருட்டித் தரும் கருவியுள்ள கடையை நாட வேண்டும். உருட்டி எடுத்த மரையே வேண்டும். அச்சு வைத்து வெட்டிய மரை கம்பியின் உடலைக் குறைத்துவிடும், விரைவில் முறியும்.

4. கட்டும் முறை

வேலை தொடங்குமுன் பாட்டரியைக் கழற்றி அப்புறப்படுத்துக. மோட்டாரின் கம்பி வடம் எப்பக்கம் வருகிறது, சக்கரம் எத்திசையில் சுற்றுகிறது, வாஷர்கள் எந்த வரிசையில் உள்ளன என்பவற்றைக் கழற்றும் முன்பே குறித்துக்கொள்க.

கம்பியின் மரையிலும் ரிம்மின் துளை விளிம்பிலும் ஒரு சொட்டு எண்ணெய் இடுக. ரிம்மின் துளைகள் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சிறிது விலகியிருக்கும். இடத்தட்டின் கம்பி இடத்துளைக்கே செல்ல வேண்டும். வால்வுத் துளையை அடுத்துள்ள துளையில் முதற்கம்பியைத் தொடங்குக. தட்டில் ஒரு துளை விட்டு ஒரு துளை, ரிம்மில் நான்காவது துளைதோறும் என ஒன்பது கம்பிகள் கோக்க. மறுபக்கத் தட்டின் துளைகள் இப்பக்கத் துளைகளுக்கு இடைநடுவே நிற்கும். அங்கும் அவ்வாறே ஒன்பது. பின்னர் மோட்டாரைச் சிறிது திருப்பினால் இப்பதினெட்டும் ஒரே திசையில் சாயும். எஞ்சியவை எதிர்த்திசையில் சாய்ந்து, பக்கத்துக் கம்பி ஒன்றை மட்டும் குறுக்கிட்டு ரிம்மை அடையும். வால்வின் இருபுறத்துக் கம்பிகளும் ஒன்றையொன்று விட்டு விலகுமாறு பார்த்துக்கொள்க. சிறு சக்கரத்தில் இதனைக் கவனியாவிடில் பம்பின் தலை உள்ளே நுழையாது.

கோத்து முடிந்ததும் எல்லா நிப்பிள்களையும் மரை மறையும் வரை ஒரே அளவு திருகுக. பின் சுற்றுக்கு அரைத் திருகு. இறுக்கம் ஏறியபின் கால் திருகு. டயர் இருக்கும் பக்கத்திலிருந்து பார்க்கும்போது கடிகார முள் திசையில் திருகினால் நிப்பிள் இறுகும் என்பதை மறவாதிருக்க.

இனிக் கோட்டம் எடுத்தல். சைக்கிள் கடைகளில் வழங்கும் இச்சொல் பழைய தமிழ்ச்சொல்லே. திருக்குறளில் நடுவு நிலைமை அதிகாரத்தில் பயின்று வருவது. ஆங்கிலப் பெயர் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைப் பொருத்தி, சட்டத்தில் ஒரு குச்சியை ரிம்மைத் தொடும் அளவுக்குக் கட்டினால் அதுவே போதிய கருவி. ரிம் இடப்பக்கம் ஒதுங்கும் இடத்தில் வலக்கம்பியைக் கால் திருகு இறுக்கி, இடக்கம்பியைக் கால் திருகு தளர்த்துக. ரிம் மேடாக எழும் இடத்தில் இருபக்கக் கம்பிகளையும் இறுக்குக. சக்கரத்தைத் திருப்பி மாட்டிப் பார்த்தாலும் ரிம் அதே நடுவில் நிற்க வேண்டும். அப்பொழுதுதான் அது நடுவில் அமைந்தது எனலாம்.

ரிம் நேராகிவிட்டால் வேலை முடிந்தது என்பது பிழை. சில கம்பிகள் மிக இறுகியும் சில தளர்ந்தும் இருந்தாலும் ரிம் நேராக நிற்கும், ஆனால் நிலைக்காது. ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டி ஓசையைக் கேளுங்கள். ஒரு பக்கத்துக் கம்பிகள் யாவும் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். வீணைத் தந்திக்குள்ள விதியே இதற்கும் உரியது: இழுவிசை நான்கு மடங்கானால் ஓசை ஒரு தாயி மேலேறும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. குட்டைக் கம்பி இயல்பாகவே உரத்த சுருதி தருமாதலால், பெரிய சக்கரத்தின் ஓசையோடு இதனை ஒப்பிடலாகாது. பல ரிம்களுக்குக் கம்பி ஒன்றுக்கு 100 கிலோகிராம் எடைக்கு நிகரான இழுவிசை பொருந்தும்; ரிம் செய்தவர் வேறு எல்லை குறித்திருந்தால் அதனையே கொள்க.

இறுதியாக, இணையாகச் செல்லும் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வலுவாகப் பிசைந்து விடுக. இதனால் கம்பியின் வளைவுகள் தட்டோடு நன்கு பொருந்தி அமரும். உள்ளே தங்கிய விசை நீங்கும். ரிம் சிறிது கோணினால் மீண்டும் நேராக்கி, மீண்டும் பிசைக. 50 கி.மீ. ஓட்டியபின் ஒருமுறையும், 200 கி.மீ. ஓட்டியபின் ஒருமுறையும் சோதிக்க.

5. மாற்றத் தக்க உறுப்புகள்

முதலில் மாற்ற வேண்டியது அச்சைப் பிடிக்கும் தகடு. மோட்டார் சக்கரத்தை முன்னோக்கித் திருப்பும்போது, தன் அச்சைப் பின்னோக்கித் திருப்ப முயல்கிறது. அச்சின் இருபுறமும் சமதளமாகச் செதுக்கப்பட்ட 10 மி.மீ. அகலமே அதனைத் தடுத்து நிற்கிறது. 30 நியூட்டன் மீட்டர் முறுக்கம் எனில், அத்தளங்களில் விழும் விசை 3,000 நியூட்டன், அதாவது 300 கிலோகிராம் எடையளவு. அலுமினியச் சட்டமாயின் அச்சு அமரும் பிளவு முன்னறிவிப்பின்றி வெடிக்கும். முன்சக்கர மோட்டாரில் இது நேர்ந்தால், சக்கரம் கழன்று ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். அச்சைக் கவ்விச் சட்டத்தோடு பிணைக்கும் எஃகுத் தகட்டைப் பொருத்தினால் இவ்விடர் நீங்கும். மாற்றங்களில் இதுவே முதன்மையானது.

இரண்டாவது பிரேக்கு. கட்டைகளையும் உள்வடங்களையும் புதுப்பித்தாலே பெரும் வேறுபாடு தெரியும். கைப்பிடியை மாற்றினால், பிரேக்கு பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சு புதியதிலும் இருத்தல் வேண்டும். ரிம்மில் கட்டை உராயும் பக்கம் குழிந்திருந்தால் அந்த ரிம்மைக் கொண்டு மீண்டும் சக்கரம் கட்டலாகாது.

மூன்றாவது டயர். சட்டம் இடந்தருமாயின் சற்று அகன்ற டயர் குழிகளின் அதிர்ச்சியைத் தானே ஏற்றுக் கம்பிகளைக் காக்கும். மாற்றியபின் வண்டியை ஒருமுறை மடித்துப் பார்க்க வேண்டும். மடித்த நிலையில் டயர் உராயலாம்.

நான்காவது பற்சக்கரம். முன் 44 பல், பின் 14 பல் எனில், மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் நிமிடத்திற்கு 86 முறை மிதிக்க வேண்டும். முன்னதை 52 பல்லாக மாற்றினால் 72 முறை போதும். செயின் நீளமும் அதற்கேற்ப மாற வேண்டும்.

மடிப்புக் கீலின் பூட்டையும், அதனை அடுத்த பற்றவைப்பையும் மாதந்தோறும் துடைத்துப் பாருங்கள். தலைமயிர் அளவு வெடிப்புக் கண்டாலும் ஓட்டலாகாது. மோட்டாரின் வடம் அச்சுக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு வளைந்து ஏறுமாறு கட்டுக. மழைநீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும்.

6. தொடாமல் விடத் தக்கவை

வேகத்தைக் கூட்டும் ஆசை பலர்க்கு உண்டு. மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தை 15 ஆம்பியரிலிருந்து 20 ஆம்பியராக உயர்த்தினால், மோட்டார்க் கம்பிச் சுருளில் எழும் வெப்பம் 1.33 மடங்கு அன்று, அதன் வர்க்கமாகிய 1.78 மடங்கு ஏறும். பல மோட்டார்களின் உள்ளே இருப்பவை நைலான் பற்சக்கரங்கள். அவை வெப்பத்தில் இளகித் தேயும்.

சட்டமும் உண்டு. நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளின்படி, அரைமணி நேரத் திறன் 250 வாட்டிற்குக் குறைந்தும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைந்தும், பாட்டரி நீங்கலான எடை 60 கிலோகிராமுக்கு மிகாமலும், தக்க பிரேக்கும் ஒளி திருப்பும் பட்டைகளும் உடையதாகவும் இருந்தால்தான் அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. எல்லை கடந்தால் பதிவும் உரிமமும் காப்பீடும் இன்றி ஓட்டியதாகும். விபத்து நேரின் பொறுப்பும் நம்மீதே விழும்.

பாட்டரியைத் திறந்து செப்பனிட முயல்வது கூடாது. 36 வோல்ட் பாட்டரியில் பத்து லித்தியம் மின்கலங்கள் தொடராக இணைந்துள்ளன. நிறைவில் 42 வோல்ட். அதற்கென வந்த சார்ஜரையே பயன்படுத்துக. உறங்கும்போதும், அறையை விட்டு வெளியே செல்லும்போதும், வெளியேறும் வழியில் வைத்தும் சார்ஜ் செய்யாதிருக்க. விடுதியில் ஓர் அறையில் பற்றும் தீ அந்த அறையோடு நிற்பதில்லை.

நண்பர்களே! சக்கரம் கட்டப் புத்தகக் கணக்கும் வேண்டும், கைப்பழக்கமும் வேண்டும். 139 மி.மீ. என்ற விடையை நாம் தாளில் காண்கிறோம். கம்பியின் ஓசையைக் கேட்டே கோட்டம் எடுக்கும் கலையைப் பல்கலைக்கழக வாயிலில் உள்ள சைக்கிள் கடைக்காரர் அறிவார். அவரிடம் சென்று உடனிருந்து கற்றுக்கொள்ளுங்கள். மோட்டார்ச் சக்கரத்திற்கு ஏன் ஒரு குறுக்கீடு போதும் என்பதை அவருக்கு நீங்கள் சொல்லுங்கள். அவ்வாறு பழகிய இருவர் மூவர் ஒரு விடுதியில் இருந்தாலும், பழைய இரும்புக்குப் போகவிருக்கும் வண்டிகள் பல மீண்டும் ஓடும்.